பாக்குவெட்டி போலத் திறக்கும் துப்பாக்கி

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிக்கும் அமெரிக்கர்களிடம் ஒரு சொல்வழக்கு இருக்கிறது: துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. விற்பவர் 'எங்க தாத்தா பிரான்சு போர்க்களத்துல இருந்து கொண்டு வந்தது' என்று தழுதழுக்கச் சொல்லலாம். சொல்லட்டும். நீ கையில் இருக்கும் இரும்பையும் மரத்தையும் பார், அவை எதைச் சொல்கின்றனவோ அதற்கு மட்டும் காசு கொடு என்பது அதன் பொருள்.

இந்தச் சேகரிப்பாளர்களின் எழுத்தைக் கொஞ்ச காலமாக வாசித்துவருகிறேன். குறிப்பாக, அமெரிக்க ராணுவ ஷாட்கன்களைப் பற்றி எழுதிய புரூஸ் கேன்ஃபீல்டின் வழிகாட்டி நூல்கள். காஜாங்கில் இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். நம் ஊரில் ஒரு ஷாட்கன்னை அருகில் பார்க்க வேண்டுமென்றால் நகைக்கடை வாசலில் ஜாகா மடியில் கிடத்தியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ஒன்றை வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. பொம்மையா நிஜமா என்று தெரியாத அளவுக்குச் செய்த போலியை வைத்திருந்தாலும் வழக்கு வரும். ஆகவே எனக்கு இது வெறும் வாசிப்புதான். ஆனால் வாசிக்க வாசிக்க, இதை ஒரு விமர்சன மரபாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஒரு பொருளை எப்படிப் படிப்பது, ஒரு கதையை எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதில் நம் இலக்கியச் சூழலைவிட அவர்கள் கறாரானவர்கள். அந்தக் கறாரில் பாதி நமக்கு வேண்டும். மீதிப் பாதியை ஏற்றுக்கொண்டால் நம் வரலாறே காணாமல் போய்விடும். இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முத்திரையைப் படிப்பது

இவர்கள் அதிகம் அடித்துக்கொள்வது 'ட்ரெஞ்ச் கன்' எனப்படும் பதுங்குகுழித் துப்பாக்கிக்காக. ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் நிறுவனம் 1897-இல் வெளியிட்ட ஒரு ஷாட்கன்தான் அதற்கு மூலம். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். வாத்து சுடவும் முயல் சுடவும் விற்ற சாதாரணச் சாமான். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது ராணுவம் இதை எடுத்து, குழலை 20 அங்குலமாகக் குறைத்து, சூடு கையைச் சுடாமலிருக்க மேலே துளை போட்ட தகட்டு உறை பூட்டி, முனையில் பயோனெட் மாட்ட ஒரு பிடியும் வைத்தது. ஒரு முறை சுட்டால் பல சன்னங்கள் விரிந்து பாயும். குறுகிய குழிக்குள் எதிரே வருபவன் தப்பிப்பது கடினம்.

1957 வரை அந்த மாடலில் பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி வேட்டைக்காரர்களுக்குப் போனது. ராணுவத்துக்குப் போனது சிறு பங்கு. சாதாரண வேட்டைத் துப்பாக்கியைவிட அசல் ட்ரெஞ்ச் கன்னுக்குப் பல மடங்கு விலை. அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வேட்டைத் துப்பாக்கியை வாங்கு, குழலை அறு, புதிதாகச் செய்த தகட்டு உறையை மாட்டு, ஒரு முத்திரையை அடி. சீனாவின் நோரின்கோ நிறுவனம் இதே மாடலை நகலெடுத்து விற்றது. அது நகல் என்று சொல்லி விற்ற நகல், அதில் குற்றமில்லை. குற்றம் பழைய உடம்பில் புதிய பெருமையை ஒட்டுவதில்தான்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: இடைச்செருகல். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்தார் அல்லவா, சேகரிப்பாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். ஓலைக்குப் பதில் இரும்பு.

அவர்கள் பார்க்கும் இடங்கள் சில. முதலில் தகட்டு உறையின் துளை வரிசை. முதல் உலகப்போர் காலத்து உறைகளில் 6 வரிசை. இரண்டாம் உலகப்போரின்போது அது 4 வரிசையாகக் குறைந்தது. 1918-ஆம் ஆண்டுத் துப்பாக்கி என்று சொல்லி 4 வரிசை உறையோடு வந்தால் புருவம் உயரும். அடுத்தது உடலமைப்பு. முதல் போருக்குச் செய்தவற்றில் குழல் உடலோடு நிரந்தரமாகப் பொருந்தியிருக்கும். இரண்டாம் போருக்குச் செய்தவை இரண்டாகக் கழற்றும் வகை. கழற்றும் வகையில் வரிசை எண் இரண்டு பாதியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, ஏற்புமுத்திரை. அமெரிக்க ராணுவத் தளவாடத் துறையின் அடையாளம் தீச்சுடர் விடும் குண்டு. இரண்டாம் போர்க்காலத் துப்பாக்கியின் மரக்கட்டையில் குறுக்காக வைத்த பீரங்கிகளோடு, அந்த மாவட்டத்துத் தளவாட அதிகாரியின் பெயர் முதலெழுத்துகள் இருக்கும். வின்செஸ்டரில் ஜி.எச்.டி. என்றால் கை எச். ட்ரூரி. இத்தாக்கா நிறுவனத் துப்பாக்கியில் ஆர்.எல்.பி. என்றால் ராய் எல். பௌலின். இத்தாக்காவில் ட்ரூரி முத்திரை இருந்தால் யாரோ கதை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள்.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவன். அதனால் எனக்கு மிகவும் பிடித்தது நான்காவது சோதனை. முத்திரை எந்த வரிசையில் விழுந்தது? உலோகத்தில் அச்சை ஓங்கி அடித்தால் இரும்பு எங்கேயும் மறைந்துவிடாது. எழுத்தின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும். அடித்த பிறகு மெருகேற்றிக் கருநீலப் பூச்சு கொடுத்தால் அந்தப் பிதுக்கம் மழுங்கும், பூச்சு பள்ளத்துக்குள்ளும் இறங்கும். பூச்சு கொடுத்த பிறகு அடித்தால் வேறு மாதிரி தெரியும். ஒவ்வொரு ஆலைக்கும் எது முதலில், எது பின்னால் என்று ஒரு வழக்கம் உண்டு. போலி செய்பவர் முத்திரையின் வடிவத்தை அச்சு அசலாகச் செய்துவிடுவார். வேலையின் வரிசையில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார். எதைச் சொன்னாய் என்பதைவிட எப்போது சொன்னாய் என்பது முக்கியம்.

சரி, ஆலைப் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்தால் தீர்ந்ததே என்று தோன்றும். வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வையோமிங் மாநிலத்துக் காடி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண் கொடுத்தால் கடிதம் தருவார்கள். ஆனால் 1897 மாடலுக்கு அங்கே இருக்கும் பதிவு 377,999 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. போருக்குப் போனவையெல்லாம் அதற்கு அப்பாற்பட்ட எண்கள். வாத்து சுட்ட துப்பாக்கிக்குக் காகிதம் இருக்கிறது. மனிதனைச் சுட்ட துப்பாக்கிக்கு இல்லை. இதில் சதி ஒன்றும் கிடையாது, காகிதம் தொலைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆவணக் காப்பகத்தை நம்பி வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தால்

இந்த எழுத்துகளில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் வேறு. எல்லாம் கச்சிதமாக இருக்கும் துப்பாக்கியைத்தான் இவர்கள் முதலில் சந்தேகிக்கிறார்கள்.

நிஜமாகவே போருக்குப் போன துப்பாக்கி திரும்பி வந்ததும் ஆயுதப் பட்டறைக்குப் போகும். உடைந்த கட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். 1918 உடம்பில் 1942 உறை ஏறும். பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவார்கள். பல கை மாறியதால் பாகங்கள் கலந்திருக்கும். அது பொய்யாகாது, அதுதான் அதன் வாழ்க்கை. அனுபவமுள்ளவர் இந்தக் கலப்பைப் பார்த்து, இது பட்டறைக் கலப்பா, வியாபாரியின் கலப்பா என்று பிரித்தறிவார். கத்துக்குட்டி, பொருந்தாத ஒரு பாகத்தைக் கண்டதும் 'போலி' என்று கூவிவிட்டுப் போய்விடுவார்.

நம் ஊரில் வாய்மொழி வரலாற்றை அணுகும் பலர் இந்தக் கத்துக்குட்டி நிலையில்தான் நிற்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு. தோட்டத்துப் பெரியவர் ஒருவர் ஜப்பான்காரன் காலத்தையும் கம்னிஸ் காலத்தையும் கலந்து சொன்னதும், 'இவர் சொல்றது நம்பகமானது இல்ல' என்று ஒலிப்பதிவை நிறுத்திவிடுகிறார்கள். எழுபது வருடம் ஒரு மண்டைக்குள் கிடந்த நினைவு பட்டறைக்குப் போகாமலா இருக்கும்? எந்தப் பாகம் எப்போது மாட்டப்பட்டது என்று பார்ப்பதுதானே நம் வேலை.

மலாயாவுக்கு வந்த ஷாட்கன்

இந்தத் துப்பாக்கிகளுக்கும் நமக்கும் தொடர்பு இருக்கிறது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலையில் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஷாட்கன் நம் நிலத்தில் இரண்டு வர்க்கமாகப் புழங்கியது. காட்டுக்குள் போன பிரிட்டிஷ் ரோந்துப் படையில் முன்னால் நடப்பவரிடம் பிரவுனிங் ஆட்டோ-5. விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. ட்ரெஞ்ச் கன்னை வடிவமைத்த அதே ஜான் பிரவுனிங்கின் கைவண்ணம், பெல்ஜியத்தில் செய்தது. மறுபக்கம், புதுக்கம்பங்களிலும் தோட்டங்களிலும் காவலுக்கு நின்ற ஹோம்கார்டுகளின் கையில் சாதாரண செனாப்பாங் பாத்தா. நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி. ஆளுக்கு ஒன்று கிடைக்காது. முறை வைத்துக் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

காஜாங் அந்தப் போரின் ஓரத்து ஊரல்ல. கம்யூனிஸ்டுப் படையின் தளபதி லாவ் யூ 1948 ஜூலை 16 அன்று சுட்டுக்கொல்லப்பட்டது காஜாங் அருகே ஒரு குடிசையில். 'காஜாங்கின் தாடிக்காரன்' என்று பத்திரிகைகள் பயமுறுத்திய லியூ கோன் கிம் 1952-இல் சஃபோக் படைப்பிரிவின் கையில் இறந்தான். சாத்தே சாப்பிட வருகிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. உள்ளூர்க்காரர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தப் போரில் ஷாட்கன் எப்படி வேலை செய்தது என்பது பிற்பாடு அமெரிக்கர்களுக்குத் தேவைப்பட்டது. ஷாட்கன் சட்டப்படி செல்லுமா என்று டபிள்யூ. ஹேஸ் பார்க்ஸ் எழுதிய குறிப்பு 1997-இல் அமெரிக்க ராணுவச் சட்ட இதழில் வெளியானது. அதில் மலாயா அனுபவம் வருகிறது. முப்பது கெஜத்துக்குள் மனித அளவுள்ள இலக்கில் படும் வாய்ப்பு வேறெந்த ஆயுதத்தையும்விட ஷாட்கன்னுக்கே அதிகம், தாக்குதல் துப்பாக்கிக்குப் பதினொன்றில் ஒன்று, ஐந்து குண்டு தொடர்ந்து சுடும் சப்-மெஷின் கன்னுக்கு எட்டில் ஒன்று என்பது அதன் சாரம்.

சேகரிப்பாளரின் கண்ணோடு இந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'தாக்குதல் துப்பாக்கி' என்று சொல்லப்படுவது எது? அவசரகாலத்தின் முதல் ஆண்டுகளில் பிரிட்டிஷ் படையின் கையில் இருந்தது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் லீ-என்ஃபீல்ட். தானியங்கி வகை ரைஃபிள் பரவலாக வந்தது பின்னால்தான். எந்த ஆண்டு, எந்த மாடல் என்று பிரிக்காமல் ஒரு எண் மட்டும் வந்து நிற்கிறது. 1918 உடம்பில் மாட்டிய 1942 உறை போல. அந்த எண் தவறு என்று நான் சொல்லவில்லை. ட்ரெஞ்ச் கன்னிடம் கேட்கும் கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டும் என்கிறேன்.

அதைவிட எனக்கு உறுத்துவது 'மனித அளவுள்ள இலக்கு' என்ற சொல். பலகையை நட்டுச் சோதிக்கும்போது அது சரியான சொல்தான். ஆனால் இங்கே பேசுவது மலாயா அனுபவம். ரப்பர் நிரைகளுக்கு நடுவே முப்பது கெஜத்தில் நின்றது பலகையல்ல. ஒரு சீன இளைஞனாக இருந்திருக்கலாம், அதிகாலை மங்குளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்த ஒரு பால்மரத் தொழிலாளியாகவும் இருந்திருக்கலாம். சேகரிப்பாளர் எழுத்தின் குறை இங்கேதான். குழலின் அடிப்பக்கம் வரை டார்ச் அடித்துப் பார்க்கும். குழல் நீட்டிய திசையில் பார்க்காது. முத்திரை அடித்த அதிகாரியின் முழுப் பெயரை மீட்டெடுத்தவர்களுக்கு, அந்தத் துப்பாக்கிக்கு எதிரே நின்றவரின் பெயர் ஒரு கேள்வியாகவே எழுவதில்லை.

நம் கதைகளில் துப்பாக்கி

நம் பக்கத்துக் குறை நேர் எதிரானது. நம் கதைகளில் எதிரே நின்றவர் இருக்கிறார், துப்பாக்கி இல்லை.

மலேசியத் தமிழில் அவசரகாலத்தை எழுதியவர்கள் குறைவு. 'லங்காட் நதிக்கரை' எழுதிய அ. ரெங்கசாமி மாதிரி சிலர் அந்தக் காலத்தை நாவலுக்குள் கொண்டுவராமல் இருந்திருந்தால் என் தலைமுறைக்கு அது பாடப்புத்தகத்து நாலு பத்தியாகவே மிஞ்சியிருக்கும். அந்த நன்றியோடுதான் சொல்கிறேன். பொதுவாக நம் சிறுகதைகளில் துப்பாக்கி என்ற ஒரே சொல் ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் ஸ்டென்னுக்கும் பிஸ்டலுக்கும் வேலை செய்கிறது. 'துப்பாக்கி முழங்கியது', 'துப்பாக்கி ஏந்திய வீரர்கள்', முடிந்தது. மரம் வெட்டும் கத்தியில் உளியின் கோணம் வரை எழுதத் தெரிந்த எழுத்தாளர்கள், துப்பாக்கி வந்ததும் சினிமாவுக்குப் போய்விடுகிறார்கள்.

ஏன் இது முக்கியம்? துப்பாக்கியின் வகை தெரிந்தால் அது யார் என்று தெரியும். செனாப்பாங் பாத்தா என்றால் காவலுக்கு நிறுத்தப்பட்ட நம்மைப் போன்ற ஒரு ஏழை. அவனிடம் இரண்டு தோட்டாவோ ஒன்றோதான் இருக்கும், காலையில் ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். அவனும் பயந்துகொண்டுதான் நிற்கிறான். பிரவுனிங் ஆட்டோ-5 என்றால் காட்டு ரோந்து. ஸ்டென் என்றால் வேறு கதை. எல்லாவற்றையும் 'துப்பாக்கி' என்று எழுதும்போது பயந்தவனும் பயமுறுத்தியவனும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

என் பாட்டி செமினி பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். கம்னிஸ் காலத்தில் பத்து வயசு இருக்கும். காட்டுக்குச் சோறு போகிறது என்று, மரம் வெட்டப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று தடை வைத்த காலம். லயத்துக்கும் நிரைக்கும் நடுவே வாசல் போட்டுச் சோதனை செய்வார்கள். அந்தக் காவல்காரன் வைத்திருந்தது என்ன துப்பாக்கி என்று ஒருமுறை கேட்டேன். பாட்டிக்கு ஷாட்கன் என்ற சொல் தெரியாது.

"அதாய்யா, பாக்குவெட்டி மாதிரி நடுவுல தொறக்கும். தொறந்து குழா வழியா எங்களப் பாத்துச் சிரிப்பான். உள்ள செவப்பா மெழுகுவத்தி மாதிரி ரெண்டு போடுவான்."

இதற்கு மேல் ஒரு நிபுணர் என்ன சொல்லிவிட முடியும்? நடுவில் மடிவது, இரட்டைக்குழல், சிவப்புக் காகித உறை போட்ட தோட்டா. பாட்டி சொன்னது ஒரு பொருளின் இயக்கத்தை. இயக்கத்தைப் பார்க்காத ஒருவரால் அதைக் கற்பனை செய்து சொல்லவே முடியாது. ஆலை வைத்த பெயர் மட்டும்தான் அந்த விவரிப்பில் இல்லை.

இதே கதையை என் மாமா ஒருவர் கல்யாண வீடுகளில் சொல்வார். அவர் வாயில் அந்தக் காவல்காரனின் கையில் ஸ்டென் கன் இருக்கும். போன தீபாவளிக்கு அது மெஷின் கன் ஆகிவிட்டது. சாதாரணத் துப்பாக்கியின் மேல் தகட்டு உறை மாட்டி ட்ரெஞ்ச் கன் ஆக்கும் வியாபாரி செய்வதும் இதைத்தான். கதையின் விலையை ஏற்றுவது. மாமாவைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் நம் எழுத்தில் மாமாவின் பதிப்பு அச்சேறுகிறது, பாட்டியின் பதிப்பு ஏறுவதில்லை என்பதுதான் என் வருத்தம். மெஷின் கன் அவரை வீரக்கதையின் பார்வையாளர் ஆக்குகிறது. பாக்குவெட்டி அவரைச் சாட்சி ஆக்குகிறது.

கதையை வாங்காத நீதிமன்றம்

'துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே' என்பதைக் கடைசிவரை பின்பற்றினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு நம் வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது.

ஷாட்கன் வரலாற்றில் ஒரு பிரபலமான சம்பவம். 1918 செப்டம்பரில் ஜெர்மனி, இந்த ட்ரெஞ்ச் கன் தேவையற்ற துன்பம் தரும் ஆயுதம், ஹேக் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று அமெரிக்காவுக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது. பிடிபடும் வீரனிடம் அந்தத் துப்பாக்கியோ அதன் தோட்டாவோ இருந்தால் அவன் உயிர் போகும் என்றும் எச்சரித்தது. அவன் யார், அதைச் சுட்டானா, யார் அவன் கையில் கொடுத்தார்கள் என்ற கேள்விகளுக்கு இடமில்லை. கையில் இருந்ததா, இல்லையா? அமெரிக்கா அதை ஏற்கவில்லை. அப்படிச் செய்தால் பதிலடி உண்டு என்று அந்த மாதக் கடைசியிலேயே பதில் அனுப்பியது. சேகரிப்பாளர் நூல்கள் இதைச் சுவாரஸ்யமாகச் சொல்லும். ட்ரெஞ்ச் கன்னின் மதிப்பைக் கூட்டும் கதை அல்லவா.

முப்பது வருடம் கழித்து மலாயாவில் அதே தர்க்கம் சட்டமாகவே வந்தது. அவசரகால விதிகளின்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. இந்த முறை பதில் கடிதம் அனுப்ப ஒரு வல்லரசு எதிரே இல்லை.

எஸ்.ஏ. கணபதி. தஞ்சை வட்டாரத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச் 1 அன்று ரவாங் பக்கம் வாட்டர்ஃபால் தோட்டத்தருகே ஒரு கைத்துப்பாக்கியோடும் ஆறு தோட்டாக்களோடும் பிடிபட்டார். மார்ச் 15-இல் கோலாலம்பூரில் தீர்ப்பு. மே 4 அன்று புடு சிறையில் தூக்கு. பிடித்ததிலிருந்து தூக்கு வரை 64 நாள். கீழே கிடந்ததை எடுத்துப் போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்பது அவர் தரப்பு. இந்தியாவின் நேரு அரசு தலையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் அதற்கு முதல் நாள்தான் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கணபதி சொன்னது உண்மையா என்பதை இந்தக் கட்டுரை தீர்க்கப்போவதில்லை. நான் கவனிப்பது ஒன்றே. அந்த நீதிமன்றம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டது, கதையை வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியத்தையே விதி எடுத்துவிட்டிருந்தது. பொருள் பேசிவிட்டது, ஆள் பேச வேண்டியதில்லை.

இதில் நம் பங்குக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மலாயா கணபதியைப் பற்றி எழுபது வருடத்துக்கு மேலாக எழுதுகிறோம். கட்டுரை, நாடகம், மேடைப்பேச்சு. அந்தக் கைத்துப்பாக்கி ஒரு குறிப்பில் பிஸ்டல், இன்னொன்றில் ரிவால்வர். தமிழில் பெரும்பாலும் வெறும் துப்பாக்கி. ஒரு மனிதனின் உயிரை எடுத்த சாட்சியம் அந்தப் பொருள் மட்டும்தான். என்ன வகை, என்ன எண், எந்த நாட்டு முத்திரை? பிரிட்டிஷ் ராணுவச் சொத்தென்றால் அகன்ற அம்பு அடையாளம் இருக்கும். ராணுவம் விற்றுக் கழித்ததென்றால் இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நிற்கும். ஜப்பான் எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டு, ஆயுதத்தை ஒப்படைத்தவருக்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்தபோது ஒப்படைக்காமல் போனவற்றில் ஒன்றா? துருப்பிடித்திருந்ததா, எண்ணெய் போட்டிருந்ததா? காட்டில் கிடந்து எடுத்ததென்றால் இரும்பு அதைச் சொல்லியிருக்கும். இடுப்பில் பத்திரமாக இருந்ததென்றால் அதையும் சொல்லியிருக்கும்.

இங்கேதான் சேகரிப்பாளரின் முறை அவருடைய விதியையே தோற்கடிக்கிறது. பொருளை நிஜமாகவே உற்றுப் பார்த்தால் அது கதையைச் சோதிக்க உதவும் சாட்சியாகிறது. கதையைத் தூக்கி எறிவதற்கான சாக்காக அது இருக்க வேண்டியதில்லை. அந்த நீதிமன்றம் 'இருந்தது' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது. நாம் 'தியாகம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். நிறுத்திய இடம் வேறு, நிறுத்திய பழக்கம் ஒன்றுதான்.

எதை எடுத்துக்கொள்வது

அமெரிக்கச் சேகரிப்பாளருக்குப் பொருள் மிச்சமிருக்கிறது, கதை உபரி. கதையை வாங்காதே என்று அவர் சொல்லலாம், நட்டமில்லை. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட நமக்குப் பொருள் மிச்சமில்லை. லயம் இடிந்து வீடமைப்புத் திட்டமாகிவிட்டது, கோவில் இடம் மாறிவிட்டது, பதிவேடு எந்தக் கம்பெனியின் கிடங்கில் கறையான் தின்றதோ. மிச்சமிருப்பது கதை மட்டும். அவருடைய விதியை அப்படியே இறக்குமதி செய்தால் நம்மிடம் ஒன்றுமே தேறாது. அதை ஏற்க முடியாது.

ஆனால் அவருடைய கண்ணை இறக்குமதி செய்யலாம். பெரியவர்களிடம் பேசும்போது 'அப்ப எப்படி இருந்துச்சு' என்று கேட்டால் மாமாவின் மெஷின் கன்தான் வரும். 'அது எப்படித் தொறக்கும்', 'எந்தக் கையில பிடிச்சிருந்தான்', 'தோட்டா என்ன நெறம்', 'சுட்டா ஒரு சத்தமா, பல சத்தமா' என்று கேட்டால் பாக்குவெட்டி வரும். கதை எழுதுகிறவர்களும் பெயர்ப் பட்டியல் ஒப்பிக்க வேண்டியதில்லை. பிரவுனிங் ஆட்டோ-5 என்று எழுதினால் நான் மகிழ்வேன், ஆனால் அது கூகுளில் கிடைக்கும் மகிழ்ச்சி. மாதிரி எண் முதல் தோல்பட்டை நிறம் வரை எல்லாம் சரியாக இருக்கும் கதையைப் படித்தால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. கச்சிதமான ட்ரெஞ்ச் கன்னைப் பார்த்த மாதிரி. எண் தெரியாதவர் பார்த்த இயக்கத்தைத்தான் கதையில் நான் தேடுகிறேன்.

அவசரகாலத்தின் தொடக்கத்தில் பத்து வயது இருந்தவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. காடியில் இருக்கும் பதிவேடு 377,999-இல் நிற்பதை யாரும் இனி நீட்டிக்க முடியாது. நம் பதிவேடு இன்னும் சில வருடங்களுக்குத் திறந்திருக்கிறது. அது எந்த எண்ணில் நிற்கும் என்பது, இந்த வார இறுதியில் எந்தப் பெரியவரிடம் போய் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.